கண்மாய் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆயக்கட்டுக்கும் சொல்லுங்கள்

கண்மாய்ச் சீரமைப்புப் பணிகளை மேற்பார்வையிடும் பொறியாளர் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில், ஒன்றரை ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் ஆயக்கட்டுதாரன்; அந்தக் கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் விவசாயி. மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை வழங்கும் வரை நீங்கள் காட்டும் கவனத்தில் எனக்குக் குறையில்லை. வேலை தொடங்கிய மறுநாளிலிருந்து அது எப்படிக் கண்காணிக்கப்படுகிறது, எங்களுக்கு எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கண்மாயில் வேலை நடந்தபோது, செப்டம்பர் கடைசியில் 85 சதவீதம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தூர்வாருவதும் கரையை உயர்த்துவதும் கனமீட்டர் கணக்கில் பெரிய வேலைகள் என்பதால், செலவான பணத்தை வைத்துப் பார்த்தால் அந்தச் சதவீதம் சரியாகவே வரும். ஆனால், கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மடைகளில் நடுமடைக்குக் கதவு வந்து சேரவில்லை. ஐப்பசி மழையில் பெருகிய தண்ணீர் அந்த மடை வழியாக இரவும் பகலும் ஓடியது. வைக்கோலைச் சாக்கில் சுற்றி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று திணித்து அடைத்தோம். விடிவதற்குள் அதையும் வெள்ளம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. தை மாதம் கடைமடை வயல்களில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கண்மாயில் தண்ணீர் இல்லை.

எனவே, மொத்தச் சதவீதம் ஒன்றை மட்டும் சொல்வதை விட்டு, வரத்துக்கால்வாய், கரை, மடை, உபரி நீர் வழியும் கலுங்கு என ஒவ்வொன்றும் திட்டப்படி எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும், இன்று எந்த நிலையில் இருக்கிறது, தாமதமானால் காரணம் என்ன, அதைச் சரிசெய்யும் பொறுப்பு எந்த அலுவலருடையது என்று மாதம் ஒரு பக்கம் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். மதிப்பீட்டில் மாற்றம் செய்திருந்தால் அதையும் அதே தாளில் சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு, யாரும் மனுப் போடாமலேயே அரசு அமைப்புகள் தம் பணி விவரங்களைத் தாமாக வெளியிட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

அளவெடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தோண்டிய ஆழத்தைக் காட்டுவதற்காக நடுவில் வெட்டாமல் விட்டுவைக்கும் மண்திட்டுகள் தண்ணீரில் மூழ்கிய பிறகு, எவ்வளவு மண் எடுக்கப்பட்டது என்பதற்குக் கண்ணால் பார்க்கும் சாட்சி கிடையாது. ஆகவே, முடிந்த வேலையின் அளவை எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தில் பதிவு செய்யும் நாளை முன்கூட்டியே தெரிவித்து, ஆயக்கட்டுதாரர் இருவரையாவது பக்கத்தில் நிற்க வைத்து அளக்க வேண்டும். நாடா பிடிக்க நாங்களே வருகிறோம்.

மேலே சொன்ன ஒரு பக்க அறிக்கையை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிப்பதே பொருத்தம். வடகிழக்குப் பருவமழைக்கு அப்போது ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும். பட்டறையில் தங்கிவிட்ட ஒரு மடைக் கதவைக் கேட்டு வாங்கிப் பொருத்த அது போதும். அக்டோபர் 2 கிராம சபை வரை காத்திருந்தால் வாசிக்கும்போதே மழை தொடங்கிவிடக்கூடும். வரும் ஆகஸ்ட் கூட்டத்துக்கு உங்கள் பிரிவுப் பொறியாளரை அந்த ஒரு பக்கத்தோடு எங்கள் ஊருக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடை ஆயக்கட்டுதாரன் ஒருவன்