ஊர்போய்ச் சேராத அறிக்கைகள்: சென்னைப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், அயல்நாட்டு நோயாளிகள் பிரிவில் பணியாற்றும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

நைஜீரியா, கென்யா, தான்சானியா, சூடான் போன்ற நாடுகளிலிருந்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் இங்கே நல்ல முறையில் கிடைக்கின்றன. ஆனால் வந்த நோய் மரபுவழி வந்ததா என்ற கேள்வி பல நேரங்களில் எழுப்பப்படுவதில்லை. எழுப்பப்பட்டாலும் அதன் விடை ஊரில் இருக்கும் அவர்களுடைய சகோதரிகளையும் மகள்களையும் சென்றடைவதில்லை. மரபணு ஆலோசனைத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில், இவ்விரண்டையும் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஆப்பிரிக்கப் பெண்கள் இளவயதில், கட்டி முற்றிய நிலையில் வருவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஏழ்மை, தாமதம், மருத்துவ வசதிக் குறைவு என்று மூன்று சொற்களில் காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். தாமதம் கட்டியின் அளவுக்கு விளக்கம் தரும். முப்பத்தைந்து வயதில் அது ஏன் வந்தது என்பதற்குத் தராது. அந்நாடுகளின் மக்கள்தொகையே இளமையானது என்பது உண்மைதான், அது விளக்கத்தின் ஒரு பகுதி. இன்னொரு பகுதி மரபணுக்களில் இருக்கிறது என்பதற்குச் சான்று வெளியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நைஜீரியாவின் இபாடானில் உள்ள பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர்களும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஒலுஃபுன்மிலாயோ ஒலோபாடே குழுவினரும் சேர்ந்து நீண்டகாலம் நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் காட்டிய மேரி கிளேர் கிங்கும் அதில் பங்கேற்றார். மார்பகப் புற்றுநோய் வந்த 1,136 பெண்களையும் நோயற்ற 997 பெண்களையும் அவர்கள் சோதித்தார்கள். குடும்பத்தில் முன்பு யாருக்கேனும் நோய் இருந்ததா என்று பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்கள் அல்லர் இவர்கள். நோயுற்றவர்களில் 14.7 விழுக்காட்டினரிடம் தீங்கு தரும் பரம்பரைப் பிறழ்வு இருந்தது. நோயற்றவர்களிடம் அது 1.8 விழுக்காடுதான். பிஆர்சிஏ1 மட்டுமே 7.0 விழுக்காடு, பிஆர்சிஏ2 4.1, பிஏஎல்பி2 1.0, டிபி53 0.4. அதாவது அங்கே மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு இந்த நான்கு மரபணுக்களில் ஒன்றே காரணம்.

இந்த எண்ணிக்கையை நம் வெளிநோயாளர் பிரிவுக்குப் பொருத்திப் பார்த்தால், குடும்ப வரலாறு இருந்தால்தான் சோதனை என்ற பழைய வழக்கம் நிற்காது. ஐம்பது வயதுக்குள் நோய் கண்டவர்களுக்கும், ட்ரிப்பிள் நெகட்டிவ் (இரு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இல்லாத கட்டி) வகைக்காரர்களுக்கும் சோதனை செய்யலாம் என்பது முன்பிருந்தே உள்ள வழிகாட்டுதல். 65 வயதுக்குட்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகள் எல்லோருக்கும் பிஆர்சிஏ சோதனையை முன்வைக்கலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கங்கள் 2024இல் சொல்லிவிட்டன. ஆப்பிரிக்காவிலிருந்து நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வரம்புகளுக்குள்தான் இருக்கிறார்கள். இருந்தும் படிவத்தில் "குடும்ப வரலாறு: இல்லை" என்று ஒரு டிக் விழுந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த "இல்லை" எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். அம்மா எதனால் இறந்தார் என்று கேட்டால் "வயிறு வீங்கி இறந்தார்" என்பார்கள். அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம், வேறெதாகவும் இருந்திருக்கலாம், பயாப்சி செய்யாதபோது யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கு இரண்டு மூன்று மனைவியர் இருந்த குடும்பங்களில், அக்கா தங்கை என்று அவர்கள் சொல்பவர்கள் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களா என்று கேட்காமல் குடும்ப வரைபடம் போட்டால் அது பாதி பொய்யாகிவிடும். பெரியம்மா மகளையும் அக்கா என்றே அழைத்து வளர்ந்த நமக்கு இதைக் கேட்பதில் கூச்சம் இருக்க வேண்டியதில்லை. அப்பா வழியிலும் பிறழ்வு வரும் என்பதைப் படிவங்கள் மறந்தே போகின்றன; ஆணிடம் அது பெரும்பாலும் வெளிப்படாமல் இருந்துவிட்டு மகளிடம் வந்து வெளிப்படும்.

இரண்டாவது செய்தி, எந்தச் சோதனை என்பது. தென்னிந்தியக் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும், பிஆர்சிஏ1இல் இரண்டு எழுத்து விடுபட்ட 185டெல்ஏஜி போன்ற சில பிழைகளை மட்டும் முதலில் தேடுவது நம்மவர்களுக்குச் செலவைக் குறைக்கலாம்; நைஜீரியாவின் லேகோஸிலிருந்து வந்த பெண்ணுக்கு அந்தக் குறுக்குவழி உதவாது. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர் சமூகத்துக்கென அறியப்பட்ட மூன்று பிழைகளை மட்டும் தேடும் சோதனையும் கறுப்பினப் பெண்களுக்கு அப்படித்தான். கேப் பகுதியின் கறுப்பின ஹோசா மக்களிடம் கிடைத்தது பிஆர்சிஏ2இல் வேறொரு பிழை. பிஆர்சிஏ1இல் பத்து டிஎன்ஏ எழுத்துகள் கூடுதலாக நுழைந்த ஒரு பிழை ஐவரி கோஸ்ட்டிலும் பஹாமாஸிலும் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலும் ஒருங்கே காணப்படுகிறது. அடிமைக் கப்பல்கள் போன வழியில் அதுவும் போயிருக்கிறது. பஹாமாஸ் தீவுகளில் சில பிழைகளே பரவிப் பெருகியதால், அங்கே மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய கால்பங்கினர் பிஆர்சிஏ1 பிறழ்வுடையவர்கள். ஆப்பிரிக்கக் கண்டத்திலோ பிழைகள் பலவாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே மரபணு முழுவதையும் வாசிக்கும் பல மரபணுச் சோதனையே முறை, மரபணுவின் பெரும்பகுதியே விடுபட்டுப்போகும் பெரிய நீக்கங்களையும் அது தேட வேண்டும். பயணம், தங்குமிடம், சிகிச்சை என்று அந்தக் குடும்பம் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இதன் கட்டணம் சிறிது.

முழுமையாக வாசித்தால் வேறொரு சிக்கல் எழும், அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். "பொருள் உறுதியாகாத மாற்றம்", அதாவது தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியாதது, என்ற வரி ஆப்பிரிக்க வம்சாவளியினரின் அறிக்கைகளில் ஐரோப்பியர்களுடையதைவிட அதிகமாக வருகிறது. இது அவர்கள் உடலின் குறை அன்று, நம் ஒப்பீட்டுத் தரவுகளின் குறை. ஒரு மாற்றம் நோயற்ற மனிதர்களிடமும் சாதாரணமாகக் காணப்பட்டால் அது தீங்கற்றது என்று தெரிந்துவிடும். அந்த நோயற்ற மனிதர்களை நாம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டுமே. ஆப்பிரிக்க மக்களின் மரபுத்தொகையை ஆராயும் எச்3ஆப்பிரிக்கா கூட்டமைப்பின் 2020இல் வெளியான ஆய்வு, ஐம்பது இனமொழிக் குழுக்களைச் சேர்ந்த 426 பேரை மட்டும் முழுமையாக வாசித்ததிலேயே, அதுவரை எங்கும் பதிவாகாத முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களைக் கண்டது. உலகின் மிகப் பழைய, மிகப் பன்மையான மரபுத்தொகையை ஐரோப்பிய அளவுகோலால் அளந்தால் அறிக்கையில் ஐயம் பெருகத்தான் செய்யும். அத்தகைய வரியை மட்டும் நம்பி நோயில்லாத மார்பகத்தையோ சினைப்பைகளையோ அகற்றிவிடக் கூடாது. தங்கையைச் சோதனைக்கு அழைக்கவும் கூடாது. பின்னாளில் தெளிவு கிடைக்கும்போது இவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. ஐரோப்பியப் பெண்களின் தரவைக் கொண்டு கட்டப்பட்ட பல்மரபணு மதிப்பெண்களையும் (பல சிறு மாற்றங்களைக் கூட்டி நோய் வாய்ப்பைக் கணிப்பவை) இவர்களுக்கு அப்படியே தராதீர்கள்.

இனி, அறிக்கை போய்ச் சேருவது பற்றி. பெரும்பாலும் நடப்பது இதுதான்: சோதனை முடிவு வர மூன்று நான்கு வாரம் ஆகிறது, அதற்குள் நோயாளி விமானம் ஏறிவிடுகிறார், முடிவு அவரை இங்கே அழைத்துவந்த முகவரின் வாட்ஸ்அப்புக்கோ கணவரின் மின்னஞ்சலுக்கோ ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கமாகப் போகிறது. ஸ்கேன் குறுந்தகடும் பில்லும் இருக்கும் கோப்பில் அதுவும் சேர்ந்துவிடுகிறது. பிஆர்சிஏ பிறழ்வு உடையவரின் ஒவ்வொரு மகளுக்கும் மகனுக்கும், உடன்பிறந்தோருக்கும், அது இருக்க ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதை அந்த வீட்டில் யாரும் சொல்லக் கேட்பதில்லை.

ஆகவே சோதனைக்கு ஒப்புதல் வாங்கும் அன்றே, முடிவு யாரிடம் தரப்பட வேண்டும், குடும்பத்தில் யாருக்குத் தெரியலாம் என்பதை நோயாளியிடம் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூட வந்தவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு இதைக் கேட்க முடியாது. நோய் தாய்வீட்டிலிருந்து வந்தது என்ற பழிச்சொல், மகள்களின் திருமணம், கணவரின் முகம் என்று அவர் மனத்தில் ஓடுவதெல்லாம் நமக்கு அந்நியமானவை அல்ல. முடிவு வந்ததும் காணொளி அழைப்பில் விளக்குங்கள். குடும்பத்தாருக்கென ஒரே பக்கத்தில், சுவாஹிலி, பிரெஞ்சு, அரபி என்று அவர்களுக்குத் தெரிந்த மொழியில் ஒரு கடிதம் கொடுங்கள். எந்த மரபணுவில் எந்த இடத்தில் என்ன மாற்றம் என்பதைத் துல்லியமாக அதில் எழுதினால்தான், நாளை அவர் தங்கை வேறெந்த ஆய்வகத்துக்குப் போனாலும் அந்த ஓர் இடத்தை மட்டும் குறைந்த செலவில் பார்க்க முடியும்.

ஊரில் என்ன செய்ய இயலும் என்பதையும் எண்ணிப் பார்த்து எழுத வேண்டும். ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுங்கள் என்று எழுதுவது எளிது. எம்ஆர்ஐ எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். மருத்துவர் கையால் செய்யும் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் மேமோகிராமும் கிடைக்கும் இடங்கள் கூடுதல். குழந்தைப்பேறு முடிந்தபின், பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45 வயதுக்குள்ளும், சினைப்பைகளையும் குழாய்களையும் அகற்றுவது நல்ல மகப்பேறு அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனையில் இயலும். ஆனால் பிள்ளைப்பேறு ஒரு பெண்ணின் மதிப்பைத் தீர்மானிக்கும் சமூகங்களில் இதைக் கடிதத்தின் முதல் வரியாக வைக்காதீர்கள். பிஆர்சிஏ2 உள்ள சகோதரர்களுக்கு புராஸ்டேட் பரிசோதனை தேவை என்பதும் விடுபடக் கூடாது. பிஆர்சிஏ பிறழ்வுள்ள புற்றுநோய்க்குத் தரும் ஓலபாரிப் போன்ற மருந்தைத் தொடங்குமுன், ஊரில் அது தொடர்ந்து கிடைக்குமா, வாங்க இயலுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நமீபியா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜாம்பியா ஆகிய ஐந்து நாடுகளில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், நோய் கண்டறியப்பட்டு மூன்றாண்டுகளில் உயிரோடிருந்தவர்கள் பாதிப்பேர்தான். வந்தபின் குணமாக்குவது அவ்வளவு கடினமாக இருக்கும் இடத்தில், வருமுன் அறிந்துகொள்ள ஒரு தங்கைக்குக் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு பெரிது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆய்வகங்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். ஆப்பிரிக்க நோயாளிகளிடம் காணும் மாற்றங்களை, அவர்களின் ஒப்புதலோடு, பெயர் நீக்கி, பூர்வீக நாட்டைக் குறிப்பிட்டு, மரபணு மாற்றங்களையும் அவற்றின் பொருளையும் தொகுக்கும் கிளின்வார் பொதுத் தரவுத்தளத்தில் பதிவு செய்யுங்கள். இங்கே பூட்டிவைத்த ஒரு முடிவு இபாடானிலோ கம்பாலாவிலோ ஒரு மருத்துவரின் ஐயத்தைத் தீர்த்திருக்கக் கூடும். பொருள் உறுதியாகாதது என்று முன்பு எழுதியனுப்பிய மாற்றத்தின் வகை பின்னர் மாறினால், பழைய நோயாளிக்கும் அவர் ஊர் மருத்துவருக்கும் திருத்திய அறிக்கையை அனுப்பும் பொறுப்பு ஆய்வகத்துடையது; அதற்காகவாவது முகவருடையது அல்லாத ஒரு தொலைபேசி எண்ணை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
சென்னையிலிருந்து ஒரு மரபணு ஆலோசகர்