மேகி மக்நீல்: ஒரே வரியில் முடிப்பது நியாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பற்றி, அதன் 1974ஆம் ஆண்டு மேடையைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை வாசித்தேன். சுவீடனின் அபா குழுவினர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் வென்ற கதையை அத்தனை விரிவாக எழுதியவர், அன்று மூன்றாம் இடம் பெற்ற டச்சு ஜோடியான மவுத் அண்ட் மக்நீலை ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த ஆண்டே இருவரும் பிரிந்தார்கள் என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது. நான் 1986 முதல் நெதர்லாந்தில் வாழ்கிறவள். அல்க்மாரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பராமரிப்புப் பணி செய்து ஓய்வு பெற்றேன். அந்த ஜோடியில் பாதியான மேகி மக்நீலின் குரலோடுதான் நான் இந்த நாட்டின் மொழியைக் கற்றேன். ஆகவே அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மேகி மக்நீல் என்பது மேடைப் பெயர். 1950இல் தில்பர்க் நகரில் பிறந்த அவருடைய இயற்பெயர் ஷௌக்யெ ஃபான் த் ஸ்பெய்கர். ஷௌக்யெ என்பது இந்நாட்டின் வடக்கில் உள்ள ஃபிரீஸ்லாந்துப் பெயர். முதல்முறை அதைக் கேட்டபோது யாரோ என்னிடம் சௌக்கியமா என்று விசாரித்தது போல இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயர் மறக்கவே இல்லை.

அவரையும் வில்லம் டெய்ன் என்ற பாடகரையும் 1971இல் ஒன்று சேர்த்தவர் தயாரிப்பாளர் ஹான்ஸ் ஃபான் ஹெமர்ட். வில்லம் அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர், ஆஜானுபாகு, தாடிக்காரர். கரகரத்து உறுமும் குரல் அவருடையது. மேகியுடையதோ தெளிந்த, கூர்மையான குரல். இந்த இரண்டும் மோதிக்கொள்ளும் சுவையை நம்பித்தான் அந்த ஜோடி உருவாக்கப்பட்டது. 'ஹவ் டூ யூ டூ' என்ற பாடல் இங்கே முதலிடத்துக்கு வந்தது. 1972இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறியது. ஒரு சின்ன நாட்டிலிருந்து போன பாடலுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள்.

பிரைட்டனுக்கு வருகிறேன். 1974 ஏப்ரல் 6. மேகிக்கு இன்னும் இருபத்துநான்கு வயதுகூட நிறையவில்லை. ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் கைப்பிடியைச் சுழற்றி இசைக்கும் அலங்காரப் பெட்டி ஆர்கன் ஒன்றை மேடையிலேயே நிறுத்திக்கொண்டு இருவரும் பாடினார்கள். பாடல் ஆங்கிலத்தில், அந்த ஆண்டுகளில் எந்த மொழியிலும் பாடலாம் என்று போட்டி விதி இடம் கொடுத்திருந்தது. அபாவுக்கு 24 புள்ளிகள், இத்தாலியின் ஜில்யோலா சிங்க்வெட்டிக்கு 18, இவர்களுக்கு 15. பிரிட்டனுக்காகப் பாடிய ஒலிவியா நியூட்டன் ஜான் இவர்களுக்குக் கீழே நின்றார். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆண்டு முடிவதற்குள் பிரிந்தார்கள் என்பது உண்மைதான். வில்லம் வேறொரு பாடகியோடு ஜோடியாகப் பாடப் போனார். மேகி தனியே நின்றார். ஜோடிக்காக உருவான ஒரு குரல் தனித்து நிற்பது எளிதல்ல என்று நான் நினைக்கிறேன். இரண்டு பேர் பாடும்போது ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை மற்றவர் நிரப்புவார். தனியே பாடும்போது அந்த மௌனத்தையும் தானே சுமக்க வேண்டும். மேகி அதைச் சுமந்தார். மக்நீல் என்ற பெயரையும் அவர் விட்டுவிடவில்லை.

1976இல் வந்தது 'தெருக் நார் த கஸ்ட்'. மீண்டும் கடற்கரைக்கு என்று பொருள். ஜோடியாக இருந்தபோது உலகம் கேட்டது அவருடைய ஆங்கிலத்தை. இந்தப் பாட்டில் அவர் டச்சு மொழியில் பாடினார். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்றும் இங்கே வானொலியில் அந்தப் பாடல் ஒலிக்கிறது.

எங்கள் இல்லத்தில் புதன்கிழமை பிற்பகல் காப்பி வேளையில் ஒருவர் அக்கார்டியன் கொண்டுவந்து வாசிப்பார். முதியவர்கள் கேட்கும் பாடல்களில் இது தவறாமல் இருக்கும். மீன்பிடிப் படகில் வேலை பார்த்த ஒரு பெரியவர் அங்கே இருந்தார். கடலோரமான எக்மொண்டிலிருந்து வந்தவர். என்னை மெய்ஷே, அதாவது பெண்ணே, என்றுதான் அழைப்பார். நானும் சேர்ந்து பாடினால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். தெருக் என்ற சொல்லின் கடைசி ஒலி எனக்கு வரவே வராது. நம் ஆய்த எழுத்தைத் தொண்டைக்குள் இறக்கி உரசிச் சொன்னது போன்ற ஒலி அது. தம் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். எனக்கு வரும்வரை அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். மொழி வகுப்பில் ஆறு மாதத்தில் வராத ஒலி அவரிடம் மூன்று புதன்கிழமைகளில் வந்தது. அன்று அவர் மேசையைத் தட்டிய தட்டலில் காப்பிக் கோப்பைகள் குலுங்கின.

கடலோரத்தில் பிறந்து, அங்கே திரும்ப முடியாமல் வந்தவள் நான். அந்தப் பாடலின் பெயர் என்னை என்ன செய்தது என்று இதற்குமேல் எழுதத் தேவையில்லை.

கட்டுரை 1974இல் நின்றுவிட்டதால் வாசகர்களுக்குத் தெரியாமல் போன இன்னொன்றும் உண்டு. மேகி அதே போட்டிக்குத் திரும்பி வந்தார், தனியாக. வென்ற நாடே அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்துவது வழக்கம். 1979இல் வென்ற இஸ்ரேல் அடுத்தடுத்து இரண்டாம் முறை நடத்த முன்வராததால் 1980ஆம் ஆண்டுப் போட்டி இங்கே ஹேக் நகரில் நடந்தது. அதற்குள் அந்தந்த நாட்டின் மொழியிலேயே பாட வேண்டும் என்ற விதி திரும்பியிருந்தது. மேகி 'ஆம்ஸ்டர்டாம்' என்ற பாடலைச் சொந்த நாட்டு மேடையில் டச்சில் பாடினார். பாடலை ஆக்கியவர்களில் அவரும் ஒருவர். 93 புள்ளிகள், ஐந்தாம் இடம். அயர்லாந்தின் ஜானி லோகன் வென்றார். பிரைட்டனின் மூன்றாம் இடத்தைவிட இந்த ஐந்தாம் இடத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஃபான் ஹெமர்ட் எழுதிக் கொடுத்ததை, பக்கத்தில் வில்லம் நிற்க, அந்நிய மொழியில் பாடியவர், இம்முறை தம் மொழியில், தம் பாடலை, தனித்து நின்று பாடினார்.

வில்லம் டெய்ன் 2004இல் காலமானார். அவரையும் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த உறுமல் இல்லாவிட்டால் மேகியின் குரலை உலகம் திரும்பிப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

எக்மொண்ட் பெரியவரின் இறுதி நிகழ்வுக்கு நானும் போயிருந்தேன். இங்கே அதற்கென்று குடும்பத்தினர் சில பாடல்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாவதாக ஒலித்தது 'தெருக் நார் த கஸ்ட்'. அவருடைய மகள் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் மெல்லச் சேர்ந்து பாடினேன், அந்தக் கடைசி ஒலியையும் சேர்த்து.

அடுத்த முறை அந்தப் போட்டியைப் பற்றி எழுதும்போது 1976க்கும் 1980க்கும் தங்கள் பத்தியில் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கள் வாசகி,
அல்க்மார், நெதர்லாந்து