அத்தையின் பட்டுப்புடவையும் என் சம்பளச் சீட்டும்

சேன் ஆந்த்ரே, ரெயூனியன்
ஜூன் 14

அன்புள்ள சேது,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டிக்கொள், திட்டி முடித்ததும் படி. கால் வீக்கம் வடிந்ததா? பெரியவனுக்கு வேலை கிடைத்ததா? வாணரப்பேட்டை மாமா விசாரித்தால் ஆள் உயிரோடுதான் இருக்கிறான், அவர் கேட்ட குடைதான் வராது என்று சொல்.

விஷயம் அத்தை, என் மாமியார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம், இடது கை விழுந்தது விழுந்ததுதான். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் செல்வி பள்ளிக்கூடக் கேன்டீன் வேலையை விட்டுவிட்டாள். போன மாதம் பாரிசிலிருந்து மச்சான் போன்: "முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம், சர்க்கார் கொடுக்கும்."

கொடுக்கும்தான், விசாரித்தேன். முதலில் அத்தையின் பென்ஷனில் பத்தில் ஒன்பது பங்கு வரை போகும். போதாவிட்டால் பெற்ற பிள்ளைகள். அப்புறம், கேட்டுக்கொள், மருமகனும் மருமகளும்! இந்தத் தீவிலும் பிரான்ஸ் சட்டம்தானே: நெப்போலியன் காலத்து 1804 சிவில் சட்டம், 206ஆம் பிரிவு. எனக்கு வந்த சீர் இதுதான்டா. பேரப்பிள்ளைகளை மட்டும் 2024 ஏப்ரலில் விட்டுவிட்டார்கள். மிச்சத்தைத் தெபார்த்மான், அதாவது மாவட்ட நிர்வாகம், கட்டும், அத்தை கண்மூடியதும் அந்த மாமரத்து வீட்டிலிருந்து வசூலித்துக்கொள்ளும். என் சம்பளச் சீட்டோடு உன் சீட்டும் வேண்டும் என்று மச்சானிடம் சொன்னேன். "அம்மாவுக்கு வீடுதானே நிம்மதி" என்று உடனே கட்சி மாறிவிட்டான்.

வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் 'ஆப்பா' என்று ஓர் உதவித்தொகை. அதைப் பிற்பாடு வீட்டிலிருந்து பிடிப்பதில்லை. எவ்வளவு என்பது ஒரு தரவரிசையைப் பொறுத்தது: 1 என்றால் கிடந்த கிடை, 6 என்றால் தன் வேலையைத் தானே பார்க்கிறவர். 4 வரைதான் பணம். தரம் பார்க்க ஓர் அம்மா வந்தார். அன்றைக்கென்று அத்தை விடியற்காலை ஐந்து மணிக்கே செல்வியை எழுப்பி, மாம்பழக் கலர் பட்டை எடுக்கச் சொல்லி, முக்கால் மணி நேரம் ஊக்கு குத்த வைத்து, பூ வைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "புடவை நீங்களே கட்டுவீர்களா?" "ஆமாம்." "குளியல்?" "தினமும்." நல்ல கையால் முறுக்குத் தட்டை வேறு நீட்டினார். போட்டார்களே 4! வந்தவர் போனதும் கேட்டால், "வெளியாள் முன்னாடி படுத்துக்கிட்டா இருப்பாங்க?" என்கிறார். மறுபடி பார்க்கச் சொல்லி மனு போட்டிருக்கிறேன்.

இதில் இன்னொன்று. அந்தப் பணத்தில் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். புருஷன், பெண்டாட்டி கூடாது, மகளை வைக்கலாம். செல்வியிடம் சொன்னேன், இரண்டு நாள் பேச்சில்லை. மச்சானோ, "பெத்த தாயைப் பார்க்கக் கூலியா?" என்றான். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. 2003 வெயிலில் பிரான்சில் 15,000 பேர் போல செத்தார்கள், பெரும்பாலும் வயசானவர்கள். அடுத்த வருடமே வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும், முதலாளி அந்தக் காசை முதியோருக்குக் கட்ட வேண்டும் என்று சட்டம். பாரிசில் அந்த ஒரு நாளுக்கே இவன் முனகுவான். செல்வி இரண்டு வருடமாக ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்து அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். இவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. நாளைக்கு இவள் பென்ஷனில் குறைகிற வருடங்களை யார் கட்டுவார்கள்? சர்க்கார்தான் கட்ட வேண்டும், கூச்சமில்லாமல் வாங்க வேண்டும் என்கிறேன்.

பெரிய நியாயவான் மாதிரி எழுதுகிறேன், இல்லையா? உன் அம்மா படுக்கையில் கிடந்த வருடம் நாம் இரண்டு பேரும் திண்ணையில் சீட்டுதானே ஆடினோம். டீச்சர் வேலையை விட்டது உன் அக்கா. அவளுக்கு யாராவது ஏதாவது கொடுத்தோமா? எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நேற்று ராத்திரி செல்வி, அவளைச் சம்பளத்துக்கு வைக்கிற அந்தப் படிவம் எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பிரிட்ஜ் மேல் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஊரிலிருந்து யாராவது வந்தால் முதுகுவலித் தைலம் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பு. ஒன்று அத்தைக்கு, ஒன்று செல்விக்கு. அக்காவை நான் கேட்டதாகச் சொல்.

உன்
ராமு