பாக எண்ணைத் தேய்த்து அழிக்காதீர்கள், அளவை எழுதி வையுங்கள்

பழைய கனரக லாரிச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், உதிரிபாகப் புத்தகங்களையும் தொழிற்சாலைப் பதிவுகளையும் பாதுகாக்கும் அருங்காட்சியகங்களுக்கும், பழைய பாகங்களை வாங்கி விற்கும் கிடங்குக்காரர்களுக்கும்,

வணக்கம்.

பழைய கனரக லாரியைப் பிரித்துப் போட்ட பலருக்கு வேலை பாதியில் நின்றுவிடுகிறது. துருவையும் செலவையும் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் உடைந்த பாகத்தை எந்தக் கம்பெனி செய்தது, அது எந்த வகை, இணையானது எது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல்தான் நிற்கிறது. தேடும் பாகம் ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும். அதன் மேல் ‘பழைய லாரி கியர், நல்ல நிலை’ என்று மட்டும் எழுதியிருக்கும். எண்களும் அளவுகளும் உங்கள் கைவசம் இருக்கின்றன. அவற்றைப் பாகத்தோடு சேர்த்தே வையுங்கள், எவரும் தேடி எடுக்கும்படி வையுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில், லாரியின் பெயரை வைத்துப் பட்டியல் போடும் பழக்கம் மாற வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்த அமெரிக்கக் கனரக லாரிகளில் கணிசமானவை வெளியில் வாங்கிய பாகங்களைக் கோத்துச் செய்தவை. என்ஜின் கான்டினென்டல், வாக்கிஷா, ஹெர்குலிஸ், பியூடா ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். கியர் பாக்ஸ் பிரவுன்-லைப், ஃபுல்லர், ஸ்பைசர், கிளார்க் என்று வரும். சக்கர அச்சுகள் டிம்கன்-டெட்ராய்ட் அல்லது ஈட்டன், ஸ்டியரிங் ராஸ் அல்லது ஜெம்மர். மேக் போலச் சில கம்பெனிகள்தாம் என்ஜினையும் அச்சையும் பெரும்பாலும் சொந்தமாகச் செய்தன. முதல் உலகப் போருக்காக 1917-இல் வடிவமைத்த லிபர்ட்டி லாரியை 15 கம்பெனிகள் கோத்தன. அதற்குப் பாகம் கொடுத்தவை சுமார் 150. அந்த லாரியின் ஒரு கியரை எந்தப் பெயரின் கீழ் தேடுவது?

இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்டூட்பேக்கர் யூஎஸ்6 லாரியில் இருப்பது ஹெர்குலிஸ் ஜேஎக்ஸ்டி என்ஜின். ஃபோர்டு செய்த எம்8 கவச வண்டியிலும் அதே ஜேஎக்ஸ்டிதான். ஸ்டூட்பேக்கர் என்று மட்டும் தேடுகிறவர் கவச வண்டிக்காகக் கட்டி வைத்த பிஸ்டன் பெட்டியைக் கடைசிவரை பார்க்கமாட்டார். இதிலும் ஏமாற ஓர் இடம் உண்டு. ஜேஎக்ஸ்சி, ஜேஎக்ஸ்டி இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 4¼ அங்குலம். சிலிண்டரின் உள்விட்டம் மட்டும் முதலாவதில் 3¾, இரண்டாவதில் 4. கொள்ளளவு 282 கன அங்குலமும் 320 கன அங்குலமும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். கடைசி எழுத்தை விட்டுவிட்டு ‘ஹெர்குலிஸ் ஜேஎக்ஸ்’ என்று எழுதினால் வாங்குகிறவருக்குப் பாதி வாய்ப்பு தப்பாகவே முடியும். ஆகவே பட்டியலில் முதலில் பாகத்தைச் செய்த கம்பெனி, அடுத்து முழு மாடல் எழுத்துகள், அதன் பிறகே அது எந்த லாரியிலிருந்து வந்தது என்ற வரிசை வேண்டும்.

இனி எண்கள். உருக்கி வார்த்த ஒரு பாகத்தில் இரண்டு வகை எண் இருக்கும், இரண்டையும் குழப்பக்கூடாது. மேலெழும்பி நிற்பது வார்ப்பு எண். அது வார்க்கப் பயன்படுத்திய மாதிரியைக் குறிப்பது. பள்ளமாகக் குத்தியது வரிசை எண்ணாகவோ மாடல் எண்ணாகவோ தொகுப்பு எண்ணாகவோ இருக்கும். ஒரே வார்ப்பை வேறு வேறு விதமாகக் கடைந்து வேறு வேறு பாகமாக விற்றிருக்கிறார்கள். அதனால் வார்ப்பு எண் பொருந்தினால் மட்டும் பாகம் பொருந்தியதாகச் சொல்ல முடியாது. உதிரிபாகப் புத்தகத்தில் அந்த எண் இல்லாமலும் போகலாம். கிளட்ச் ஹவுசிங்கில் இது அடிக்கடி ஏமாற்றும். அங்கே உள்விளிம்பின் விட்டத்தை அளந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் (எஸ்.ஏ.இ.) அளவுமுறையில் எஸ்.ஏ.இ. 3 என்றால் 16⅛ அங்குலம், எஸ்.ஏ.இ. 2 என்றால் 17⅝, எஸ்.ஏ.இ. 1 என்றால் 20⅛.

குத்திய எண்ணை அழிப்பது பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் நடக்கிறது. விற்பதற்கு முன் பளபளப்பாக்க மணல் அடிக்கிறார்கள், கிரைண்டரில் கம்பி பிரஷ் போடுகிறார்கள், மேலே தடிமனாகப் பெயின்ட் ஏற்றுகிறார்கள். ஆழமில்லாத குத்து எண் மணலுக்குத் தாங்காது. செய்ய வேண்டியது எளிது: முதலில் பெயின்ட் ரிமூவரும் பித்தளை பிரஷும் போட்டுக் கையால் தேய்த்து எண் குத்தியிருக்கும் தட்டையான இடத்தை, அதாவது எண் மேடையை, திறக்க வேண்டும். சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். அதுவும் தெளியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுக்கலாம். அதற்குப் பிறகே சுத்தம் செய்யும் வேலை, அப்போதும் எண் மேடையின் மேல் டேப் ஒட்டிவிட்டு. ரிவெட் அடித்த தகடுகளைக் கழற்றி நினைவுப் பொருளாகத் தனியே விற்பதை நாங்கள் கடுமையாகவே எதிர்க்கிறோம். தகடு போன என்ஜினுக்கு அடையாளம் திரும்பக் கிடைப்பது அரிது.

எண் அறவே இல்லாத பாகங்களுக்கு அளவுதான் கதி. எதை அளப்பது என்று தெரியாததால்தான் பலர் அளப்பதேயில்லை. எங்களுக்குப் பயன்படுவது இவ்வளவே.

பேரிங்கில் மனம் தளர வேண்டியதே இல்லை. டேப்பர் ரோலரில் உள்வளையமான கோனுக்கு ஓர் எண், வெளிவளையமான கப்புக்கு ஓர் எண், இரண்டையும் எழுதுங்கள். டிம்கன் 3780 கோனுக்கு உள்விட்டம் 2 அங்குலம், அதற்கான 3720 கப்பின் வெளிவிட்டம் 3.6718 அங்குலம், அந்த எண்களைச் சொல்லி இன்றும் புதிதாக வாங்கலாம். பின்னொட்டு எழுத்தை விட்டுவிடாதீர்கள். 3720பி என்றால் கப்பில் விளிம்பு வரும், அது சாதாரண ஹப்புக்குள் உட்காராது. பால் பேரிங்கில் எண் தேய்ந்திருந்தாலும் மில்லிமீட்டரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்ற மூன்று அளவு போதும்: 40×80×18 என்றால் எண் 208, 40×90×23 என்றால் 308, 40×110×27 என்றால் 408. பழைய லாரியில் ‘கிடைக்கவே கிடைக்காது’ என்று ஒதுக்கப்பட்ட பேரிங்குகளில் பல இந்த வரிசைகளுக்குள் வந்துவிடும். கிடைக்காதவை பெரும்பாலும் தனிப்பட்ட முறையில் செய்த ரோலர்கள். அவற்றுக்கு ரோலரின் விட்டம், நீளம், எண்ணிக்கை வேண்டும்.

பிஸ்டனுக்கு விட்டம் மட்டும் எழுதுவது வீண். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னின் நடுவிலிருந்து தலைவரை உள்ள உயரம், பின்னின் விட்டம், ரிங் பள்ளங்களின் எண்ணிக்கையும் அகலமும், பின்னைப் பிடித்து வைக்கும் முறை ஆகியவை வேண்டும். உயரம் தெரிந்தால் வேறொரு என்ஜினின் பிஸ்டனைப் பொருத்த முடியுமா என்று கணக்குப் போடலாம். வால்வுக்குத் தலை விட்டம், தண்டு விட்டம், மொத்த நீளம், வால்வு உட்காரும் முகம் (சீட்) 30 டிகிரியா 45 டிகிரியா என்பது. கிளட்ச் பிளேட்டுக்கு வெளிவிட்டம், தண்டில் கோக்கும் பற்களான ஸ்ப்ளைனின் எண்ணிக்கை, ஸ்ப்ளைன் விட்டம், ஹப் எந்தப் பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பது. கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. பிளேட் ஃப்ளைவீல் போல்ட்டில் உரசுவதற்கு அதுவே காரணம்.

சுழல்தண்டை வளைந்து திரும்பவிடும் யுனிவர்சல் ஜாயின்ட்டின் கிராஸுக்கு (சிலுவைத் துண்டுக்கு) அதன் முனைகளில் உள்ள கப்பின் விட்டமும், எதிரெதிர் கப்புகளின் வெளிமுகங்களுக்கு இடையே உள்ள நீளமும் சேர்ந்தே வேண்டும். ஸ்பைசர் 1480, 1550 இரண்டுக்கும் கப் 1.375 அங்குலம். நீளம் ஒன்றில் 4.188, மற்றதில் 4.969. கப்பை மட்டும் அளந்து அனுப்பியதால் திரும்பி வந்த பார்சல்கள் ஏராளம்.

போல்ட்டு, நட்டுகளில் மரையைப் பார்க்காமல் எதையும் முறுக்கக்கூடாது. ⅜ அங்குலத்தில் அமெரிக்கக் கரடு மரைக்கும் பிரிட்டிஷ் விட்வொர்த்துக்கும் அங்குலத்துக்கு 16 இழைதான். ஆனால் முன்னதன் கோணம் 60 டிகிரி, பின்னதன் கோணம் 55. கையால் சுற்றினால் ஏறிவிடும், இறுக்கினால் சில இழைகள் மட்டும் பாரம் தாங்கும், ஓடும்போது உருவிக்கொள்ளும். ½ அங்குலத்தில் அமெரிக்கக் கரடு 13, விட்வொர்த் 12, எஸ்.ஏ.இ. நுண்மரை 20, பிரிட்டிஷ் நுண்மரை 16. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-இல்தான் ஒருங்கிணைந்த மரைக்கு ஒப்புக்கொண்டன. அதற்கு முந்தைய வண்டியில் மரை கேஜ் வைத்துப் பார்த்த பிறகே பட்டியலில் எழுதுங்கள். பட் என்ற கம்பெனியின் வகைச் சக்கரங்களில் இடதுபக்க நட்டுகளுக்கு இடது மரை என்பதையும் பையின் மேலேயே குறித்துவிடுங்கள்.

பாகத்தை அடையாளம் காணாததால் எண்ணெயும் தப்பாகப் போகிறது. திருகு போன்ற தண்டு சக்கரத்தைச் சுழற்றும் வார்ம் கியர் வைத்த பின் அச்சில் பெரிய சக்கரம் வெண்கலம். ஹைப்பாய்டு என்ற வேறு வகைப் பின் அச்சு கியருக்கான, வீரியமான கந்தகம் கலந்த எண்ணெயை ஊற்றினால் வெண்கலத்தை அரிக்கும். பற்கள் நாளடைவில் மெலியும். வார்ம் அச்சு விற்கும்போது அதன் மேல் ‘வார்ம், வெண்கலச் சக்கரம்’ என்று ஒரு சீட்டு கட்டிவிட்டால் ஓர் அச்சு பிழைக்கும். புதிய ஒன்றை வார்த்துக் கடைவது எவ்வளவு பெரிய வேலை என்பது உங்களுக்கே தெரியும்.

ரிம் விஷயத்தில் எங்கள் கோரிக்கைக்கு விதிவிலக்கே கிடையாது. பல துண்டு ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்தும் லாக் ரிங்கைத் தனியாக விற்காதீர்கள். ரிங்கும் அடி ரிம்மும் ஒரே வகை என்று இரண்டிலும் குத்தியிருக்கும் எண்ணை வைத்து உறுதி செய்ய வேண்டும்; விட்டம் ஒன்று என்பதால் வகை ஒன்றாகிவிடாது. ரிங் உட்கார்ந்தது போலத் தெரியும். காற்று ஏறும்போதோ, ஏறி நிற்கும்போதோ, சுத்தியலால் ஒரு தட்டு தட்டும்போதோ தெறிக்கும். எதிரில் நிற்பவர் பிழைப்பது கடினம். ஆர்.எச். 5 டிகிரி என்ற வகை ரிம்மைச் சாலைக்கு மீண்டும் கொண்டுவரவே வேண்டாம். உங்கள் விற்பனைக் கூடங்களில் அதைத் தடை செய்யுங்கள். வெடித்த, வளைந்த, அரித்துக் குழி விழுந்த ரிங்கை இரண்டாக வெட்டிவிட்டுப் பழைய இரும்பில் போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்து மாட்டுவார்கள். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி 1910.177 இதற்கெல்லாம் முறை வகுத்திருக்கிறது: கழற்றும் முன் காற்று வால்வின் உள்ளிருக்கும் ‘கோர்’ துண்டை எடுத்து முழுக் காற்றையும் இறக்குவது, கூண்டுக்குள் வைத்துக் காற்று ஏற்றுவது, கிளிப் வைத்த நீள ஹோஸைப் பிடித்து விலகி நிற்பது, ரிம் பாகங்களுக்கு வெல்டிங்கோ சூடோ காட்டாதிருப்பது. இந்த விதியை அச்சிட்டு ஒவ்வொரு பழைய ரிம்மோடும் கொடுங்கள்.

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் லைனிங், கேஸ்கெட் எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே கருதி உறையில் எழுதுங்கள். அந்தத் தூசியைக் காற்று அடித்து ஊதக்கூடாது.

காப்பகங்களிடம் கேட்பது வேறு. அலென்டவுனில் உள்ள மேக் அருங்காட்சியகத்தில் சேஸிஸ் வாரியான பதிவுகள் இருக்கின்றன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஆவணங்களை விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கம் காக்கிறது. ஒரு சேஸிஸ் எண்ணைக் கொண்டு, ஆலையை விட்டு வெளியேறியபோது அந்த வண்டியில் எந்த கியர் பாக்ஸ், எந்த அச்சு விகிதம் இருந்தது என்று தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பயன்படுத்தியவர்கள் அறிவார்கள். உங்களிடம் இருப்பது சிறிய கம்பெனியின் நான்கு பெட்டித் தாள்கள்தாம் என்றாலும் அதற்கும் இதே மதிப்பு. ஸ்கேன் செய்யும்போது படங்களை மட்டும் எடுக்காதீர்கள். எங்களுக்கு அதிகம் வேண்டியவை பின்பக்கங்களில் இருக்கும்: பழைய எண்ணுக்குப் பதில் எந்தப் புதிய எண் வந்தது என்ற அட்டவணை, பாகம் கொடுத்த கம்பெனியின் சொந்த எண், எந்த சேஸிஸ் எண்ணிலிருந்து மாற்றம் நடந்தது என்ற குறிப்பு. கையால் எழுதிய திருத்தங்களைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அச்சில் தப்பாக வந்த எண்ணைப் பாகக் கடைக்காரர் திருத்தியதாகவும் அது இருக்கலாம். எழுத்துகளைத் தேடும்படி மாற்றினால், எட்டையும் பி என்ற ஆங்கில எழுத்தையும் கணினி மாற்றிப் படித்திருக்கிறதா என்று ஒருவர் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

சங்கங்களுக்குக் கடைசியாக ஒன்று. உறுப்பினர் ஒருவர் காலமானால் அவருடைய கொட்டகையைக் குடும்பத்தார் சில வாரங்களில் காலி செய்கிறார்கள். எடைக்குப் போவதற்கு முன் வெர்னியர், மரை கேஜ், கேமரா, அட்டைச் சீட்டு, கம்பியோடு இரண்டு பேரை அனுப்ப உங்களால் முடியும். ஒவ்வொரு பாகத்திலும் கம்பியால் கட்டிய சீட்டில் செய்த கம்பெனி, வார்ப்பு எண், குத்திய எண், மேலே சொன்ன அளவுகள், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற ஐந்தும் இருந்தால் போதும். சீட்டில் பெயின்ட் மார்க்கரால் எழுதுங்கள். பால் பாயின்ட் மை எண்ணெய் பட்டால் கரையும். எது என்ன என்று அங்கேயே கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எண்ணும் அளவும் இருந்தால் அதை அடையாளம் சொல்ல எங்களில் யாராவது வருவோம்.

இப்படிக்கு,
பழைய கனரக லாரிகளைப் புதுப்பிக்கும் மெக்கானிக்குகளும் லேத் வேலைக்காரர்களும்