ரெகே பகடிக்கு விக் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரெகே பாப் பாணியில் பகடிப் பாடல் காணொளி எடுக்க நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் பல முயற்சிகள் சடைமுடி விக், மூவண்ணத் தொப்பி, கொஞ்சம் புகை என்பதோடு நின்றுவிடுகின்றன. பாட்டில் ரெகே இருப்பதில்லை. 'அட, அச்சு அசல் அதே மாதிரி!' என்று கேட்பவர் முதலில் நம்ப வேண்டும். சிரிப்பு அதற்குப் பிறகுதான் வரும். அந்த நம்பிக்கையைத் தருவது தாளம்.

ரெகே இசை 1960களின் இறுதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உருவானது. அதன் அடிப்படைத் தாளத்துக்கு ஒன் டிராப் என்று பெயர். மென்பொருளில் வேகத்தை நிமிடத்துக்கு 150 தட்டு என வைத்து நான்கு நான்காக எண்ணுங்கள். டிரம்ஸில் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்) சேர்ந்து மூன்றாம் தட்டில் மட்டும் விழ வேண்டும். ஒன்றில் கிக் கிடையாது. ஆயத்த லூப்களை (முன்பே பதிவான தாளத் துண்டுகளை) எடுத்துப் போடுபவர்கள் தவறுவது இங்கேதான்: ஒன்றில் ஒரு கிக் ஒளிந்திருக்கும், பாட்டு சாதாரண மெதுவான பாப் ஆகிவிடும். (ஸ்டெப்பர்ஸ் என்ற வகையில் கிக் எல்லாத் தட்டிலும் விழும். அது வேறு கணக்கு, முதல் முயற்சிக்கு வேண்டாம்.)

கிதார் இரண்டிலும் நான்கிலும் வெட்ட வேண்டும். இதுதான் ஸ்காங்க். மேல் ஸ்தாயித் தந்திகள் மூன்றை மட்டும் கீழ்நோக்கி ஒரே அடி அடித்து, உடனே இடக்கையின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். விரல் தந்தியிலேயே இருக்கட்டும், எடுத்தால் தந்தி தொடர்ந்து அதிரும். நாதம் நீண்டால் இடைவெளி அடைபடும், ரெகே போய்விடும். கலவையில் கிதாரின் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி, அந்த இடத்தை பேஸுக்கு, அதாவது கீழ் ஸ்தாயிக் கிதாருக்குக் கொடுங்கள். பேஸ் கிதாரில் டோன் குமிழை நன்றாகக் குறைத்து, கட்டைவிரலால் வாசித்தால் சரியான உருண்டை ஒலி வரும். இந்த இசையில் மெட்டைச் சுமப்பதே பேஸ்தான். கைபேசி ஸ்பீக்கரில் கேட்டு அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

அடுத்தது வரிகள். ரெகே பாப்பில் வரியின் கடைசிச் சொல்லை எதிரொலிக்க விடுவது வழக்கம். 1970களில் கிங் டப்பி போன்றவர்கள் ஒலிக்கலவைப் பலகையையே வாத்தியமாக்கி வளர்த்த டப் முறையின் கொடை இது. தமிழில் இது ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. நம் காதுக்குப் பழகிய மோனையும் எதுகையும் அடியின் தலையில் நிற்கின்றன, எதிரொலியோ வாலைப் பிடிக்கிறது. அதனால் இங்கே கைகொடுப்பது அடியின் முடிவில் ஒலி ஒத்துவரும் இயைபு. அதிலும் நம் வாக்கியம் வினையில் முடியும். கைபேசி சார்ஜ் தீர்வதைப் பற்றிய பாட்டில் 'சார்ஜு ஒரு சதவீதம் இருக்குது' என்று எழுதினால் 'க்குது… க்குது…' என்றுதான் திரும்பி வரும். 'கவலை இல்ல, கையில இருக்கு ஒரு சதவீதம்' என்று மாற்றிப் போடுங்கள். 'சதவீதம்… வீதம்…' என்று நகைச்சுவைச் சொல்லே திரும்ப வரும். 150 வேகத்தில் ஒரு தட்டு 400 மில்லிநொடி. எதிரொலியை அந்த அளவுக்கு வைத்து, மூன்று முறை ஒலித்து அடங்கும்படி அமையுங்கள். அடுத்த வரிக்கு முன் ஒரு முழுச் சுற்றை (நான்கு தட்டு) காலியாக விடுங்கள். குரல் முழுவதுக்கும் எதிரொலி கொடுத்தால் அடுத்த நகைச்சுவை முந்தையதன் நிழலில் மூழ்கிவிடும். கடைசிச் சொல்லுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

கடைசிப் பல்லவிக்கு முன் எட்டுச் சுற்றுகளுக்கு பேஸும் டிரம்ஸும் தவிர எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். அந்த வெறுமையில் ஒரே ஒரு சொல் வந்து விழுந்தால் அதன் பலமே தனி.

படப்பிடிப்பில் அதிகம் கெடுவது மெதுவாக நகரும் காட்சி. நொடிக்கு 50 சட்டகம் (ஃபிரேம்) எடுத்து 25-இல் ஓட்டுவதானால், படப்பிடிப்பின்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு வாயசைக்க வேண்டும். இல்லாவிட்டால் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். கைபேசிகள் பல சட்டக வேகத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும், மூன்றாம் நிமிடத்தில் உதட்டசைவு நழுவியிருக்கும். படத்தொகுப்புக்கு முன் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

விக் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சடைமுடி, ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தாஃபாரி சமய இயக்கத்தினரின் அடையாளம். 1963-இல் ஜமைக்காவின் கோரல் கார்டன்ஸ் நிகழ்வில் போலீசார் அவர்களைப் பிடித்துச் சென்று, சடையை வலுக்கட்டாயமாக வெட்டினார்கள். அதற்கு அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது 2017-இல்தான். அந்தத் தலைமுடியை வேடிக்கைப் பொருளாக்குவது எனக்கு மனம் ஒப்பாதது. பகடிக்கு ரெகே பாப் காணொளிகளின் சொந்த வழக்கங்களே தாராளம்: அந்திக் கடற்கரை, காரணமில்லாமல் மெல்லத் திரும்பும் தலை, எதற்கும் பதறாத பாடகர். ஒரு சதவீத சார்ஜோடு ஒருவர் அதே நிதானத்தில் பாடினால் சிரிப்பு தானாக வரும்.

மெட்டைச் சொந்தமாகப் போடுங்கள். பாணிக்கு உரிமையாளர் இல்லை, மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உண்டு. ஒரே ரிடிமில் (தாளமும் பேஸும் சேர்ந்த பின்னணி இசையில்) பலர் பாடுவது ஜமைக்காவின் மரபுதான், அதற்காக அடுத்தவர் பதிவை எடுத்தாள நமக்கு அனுமதி கிடைத்துவிடாது.

உங்கள் இசைப் பக்கத்தில் இத்தகைய காணொளிகளை மதிப்பிடுபவர்கள், முதல் முறை படத்தை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒலிக்கலவைத் துறை வாசகர்