ஐக்யூ மதிப்பெண்ணும் பந்தலூர்ப் பிள்ளைகளும்: நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தலூர் வட்டத்தில், பழங்குடிப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மாற்றுத்திறனாளிச் சான்றுக்காக நடக்கும் ஐக்யூ சோதனை, அதாவது அறிவுத்திறனை மதிப்பெண்ணாக அளக்கும் சோதனை பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் பள்ளிக் காட்டுநாயக்கர் பையன் ஒருவனை ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். முன்பின் பார்த்திராத ஒருவர் எதிரே உட்காரவைத்து, தமிழில் எண்களைச் சொல்லி, அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவன் வீட்டுப் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கமானது. குனிந்த தலை நிமிரவில்லை. அவனுக்கு அறிவுசார் குறைபாடு என்று தாள் வந்துவிட்டது. ரேஷன் கடையில் பாட்டிக்குத் துணையாகப் போய், பருப்புக்கும் பாமாயிலுக்கும் காசு கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறவன் அவன்!

சோதித்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தால் யார்தான் என்ன செய்வார்?

1905இல் பாரிஸில் ஆல்பிரட் பினே இந்தச் சோதனையை உருவாக்கியதே, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். இது மாறாத அளவல்ல என்று அவரே எச்சரித்தார். நம் நாட்டில் இன்றும் புழங்கும் பினே–காமத் சோதனையை வி.வி. காமத் 1930களில் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காகத் தயாரித்தார். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் அவர் கணக்கில் இல்லை.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் வந்தது. கலிபோர்னியாவில் கறுப்பினப் பிள்ளைகளை ஐக்யூவை வைத்து, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தனி வகுப்புகளுக்குத் தள்ளினார்கள். கறுப்பின உளவியலாளர்கள் அதே பிள்ளைகளோடு பழகி, அவர்களுக்குப் பழக்கமான பேச்சில் மறுபடி சோதித்தார்கள். குறைபாடு என்று சொல்லும் வரம்பைத் தாண்டி மதிப்பெண் மேலே போனது. வழக்கு நீதிமன்றம் போய், 1979இல் அந்த வழக்கத்துக்குத் தடை வந்தது. அளவுகோலின் கோணலைக் காட்டியவர்களும் உளவியலாளர்களே. அதனால்தான் அவர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்கிறேன்.

சரி, கேட்பது என்ன? சோதனையின்போது பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவர், முடிந்தால் அதே சமூகத்துப் பெண், பக்கத்தில் இருக்கட்டும். ஒரே அமர்வில் முடிவு கட்ட வேண்டாம். அன்றாட வாழ்க்கைத் திறனை அளக்கும் கேள்விகளை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே கேட்கட்டும். எந்த மொழியில் சோதித்தோம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதட்டும். அப்புறம், முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் உளவியலாளர்களோடு சேர்ந்தால், நம் மலைப் பிள்ளைகளுக்கான அளவீட்டை இங்கேயே உருவாக்கலாம். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும், தெரியும். மொழி தெரிந்தவரை உட்காரவைக்க அடுத்த முகாமே போதும்.

ஏற்கெனவே தாள் வாங்கிய பிள்ளைகளுக்கு மறுபரிசோதனை என்று முடிவானால், அதைப் பந்தலூரிலேயே வையுங்கள். ஊட்டிக்குப் போய்வந்தால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்து ஆசிரியர் ஒருவர்