ஐஸ் போடாதே, பாப்பா

பண்ருட்டி
மே 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எப்படி இருக்கிறீர்கள்?

நேற்று நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கிளாஸில் மேலே நுரை, அடியில் தண்ணீர். "ஸ்மூத்தி உங்க கடை ஷேக் மாதிரி வரவே மாட்டேங்குதுப்பா" என்று எழுதியிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேரன் பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

கடை மாதிரி வரவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் 22 வருஷம் ஜூஸ் போட்டவன் சொல்கிறேன், கடையில் ஐஸ் போடுவது குளிர்ச்சிக்கு மட்டும் இல்லை. ஒரு பழத்தில் மூன்று கிளாஸ் நிரப்பவும்தான். கரைந்த தண்ணீரைச் சர்க்கரை மறைத்துவிடும். வெயிலில் வந்து நிற்கிறவன் அதையெல்லாம் கேட்கமாட்டான். அந்தக் கடையில்தான் உன்னைப் படிக்க வைத்தேன், குறை சொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளைக்குப் போடும்போது அந்தக் கணக்கு எதற்கு?

ஐஸுக்குப் பதில் பழத்தையே உறைய வை. தண்ணீர் எல்லாம் பழத்தின் சதைக்குள்ளேயே உறைந்து இருப்பதால், அரைத்தால் கூழாகத் திரண்டு நிற்கும். பிரிந்து போகாது.

மாம்பழத்தில் நார் இல்லாததாகப் பார். இங்கே பங்கனப்பள்ளி வந்துவிட்டது. பெங்களூரில் பாதாமி என்று விற்கிறார்களே, அது நம் அல்போன்சாதான், அதுவும் நன்றாக இருக்கும். தோல் சீவி, விரல் கணு அளவுக்கு நறுக்கி, எவர்சில்வர் தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வை. ராத்திரி வைத்தால் காலையில் கூழாங்கல் மாதிரி கலகலவென்று இருக்கும். அப்புறம் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டு. வாழைப்பழத்தைத் தோல் உரித்துத்தான் வைக்க வேண்டும். தோலோடு உறைந்துவிட்டால் உரிப்பதற்குள் விரல் மரத்துவிடும். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம்தான் இதற்குச் சரி.

தட்டில் பரப்பு என்று ஏன் இவ்வளவு சொல்கிறேன் தெரியுமா? போன வருஷம் பலாச்சுளைகளை டப்பாவில் அமுக்கி வைத்துவிட்டேன். எடுத்தால் செங்கல். கத்தியால் குத்திப் பிளந்து, அவசரத்தில் அப்படியே மிக்ஸியில் போட்டுத் திருகினேன். கடகடவென்று ஒரு சத்தம், ரப்பர் கருகிய வாடை. அப்புறம் மோட்டார் ஓடுகிறது, ஜாரில் பிளேடு அசையவில்லை. கப்ளரின் பல் எல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது. புது கப்ளர் மாட்டுகிற வரைக்கும் இரண்டு நாள் உங்கம்மா அம்மியில்தான் சட்னி அரைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் மிக்ஸியில் முதலில் ஊற்ற வேண்டியதை ஊற்று. இரண்டு கிளாஸுக்கு முக்கால் டம்ளர் குளிர்ந்த பால் போதும், சுமார் 150 மில்லி. அதன்மேல் ஒரு சின்ன வாழைப்பழம். கடைசியாக மாம்பழமும் பலாவும் சேர்த்து கால் கிலோ. உறைந்த துண்டுகளை ஐந்து நிமிஷம் வெளியே வைத்திருந்து போடு. விட்டு விட்டு ஓட்டு. ஒரேயடியாக ஓடவிட்டால் மோட்டார் சூட்டில் பழம் இளகிவிடும். மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டால் பயப்படாதே. ஸ்விட்சை அணைத்துவிட்டு, சூடு ஆறியதும் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கு.

போன வாரம் கசந்துவிட்டது என்றாயே, அது அன்னாசியின் வேலை. வேகவைக்காத அன்னாசியில் இருக்கும் ஒரு நொதி பாலின் புரதத்தை உடைத்துவிடும். கொஞ்ச நேரம் வைத்தாலே கசப்பு ஏறும். ஃப்ரீசரில் வைத்தாலும் அது சாகாது, சூட்டுக்குத்தான் அடங்கும். கடையில் அன்னாசியைச் சர்க்கரையோடு ஒரு கொதி விட்டு, ஆறவைத்த பிறகுதான் பாலில் சேர்ப்போம். நீ அவ்வளவு மெனக்கெட வேண்டாம். அன்னாசி போடும் அன்றைக்குப் பாலை விட்டுவிட்டு இளநீரும் வழுக்கையும் போடு. இல்லாவிட்டால் கெட்டித் தேங்காய்ப்பால். என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றிலும் ருசி. பப்பாளியும் பாலோடு கிடந்தால் கசக்கும், போட்டவுடன் குடித்துவிடுங்கள்.

சர்க்கரை வேண்டாம். நல்ல குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதை நம்பி அள்ளிப் போட்டுவிடாதே. ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பார். மாப்பிள்ளைக்கு இனிப்பு தூக்கலாக வேண்டுமென்றால் பலாவைக் கொஞ்சம் கூடப் போடு.

அந்தப் பலா நாளைக்கு ராத்திரி ஆம்னி பஸ்ஸில் வருகிறது. பணிக்கன்குப்பம் ரோட்டோரக் கடையில் வாங்கியது இல்லை, நம் கொல்லை மரத்துப் பழம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயலில் பழைய மரம் வேரோடு சாய்ந்தபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். விழுந்த கிளையில் உட்கார்ந்து அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? முந்திரியும் பலாவும் ஊரெங்கும் அப்படித்தான் கிடந்தன. அடுத்த ஆடியில் அதே குழிக்குப் பக்கத்தில் வைத்த கன்று இது. மூன்று வருஷமாகத்தான் மனசு நிறையக் காய்க்கிறது. இன்று தட்டிப் பார்த்தேன், பொத்துப் பொத்தென்று சத்தம், முள்ளும் விரிந்துவிட்டது. நீ வாங்கி இரண்டு நாள் வைத்தால் வாசனை வரும், அப்புறம் வெட்டு.

கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள். பேரன் பக்கத்தில் வந்து பலாவின் பிசின் பாலைத் தொட்டுவிட்டால் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடை, சோப்புக்குப் போகாது. சுளையைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டுத் தட்டில் பரப்பு. கொட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே. கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைத்தாயா என்று உங்கம்மா கட்டாயம் கேட்பாள்.

பஸ் காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும். பழம் 14 கிலோ இருக்கிறது. நீ தூக்காதே, மாப்பிள்ளையை அனுப்பு.

அன்புடன்,
அப்பா